அவளுக்காக யார் கயிறு கட்டுவது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் குடியைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கும் பகுதி இது. கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்கு இங்கிருக்கும் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கள்ளு போகிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆனால் டாஸ்மாக் உண்டு. இந்தப் பக்கம் கள்ளுக்கடையும், பெவ்கோ என்ற கேரள அரசு மதுக்கடையின் வரிசையும். புருஷன் குடிக்கிறான், மகன் குடிக்கிறான் என்று பெண்கள் கோயிலிலும் சர்ச்சிலும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் அயல்கூட்டத்திலும் வாய்விட்டு அழுகிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். குடிக்கிற பெண் மட்டும் எந்தப் பேச்சிலும் வருவதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் குடிப்பதாகத் தெரியவந்தது. 1.6 என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. ஆட்கணக்கில் அது எண்பது லட்சத்துக்கு மேல். அதுவும் வீடு தேடி வந்து கேட்ட கணக்கு. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “ஆமாங்க, குடிப்பேன்” என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? குடிக்கும் பெண்களில் பதினாறில் ஒருவர் குடிக்கு அடிமை என்றது அந்த அறிக்கை. குடிக்கு அடிமையானவர்களில், ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து, 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்றும் சொன்னது. அந்த ஒருவர் பெண்ணாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை ஊர் நிலவரம் தெரிந்தவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு பெண்ணின் குடி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் தொடங்குகிறது. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லதென்று ஒரு மூடி பிராந்தி. சித்தாள் வேலை முடிந்து வந்த உடம்பு வலிக்கு, புருஷனே ஊற்றிக் கொடுத்த அரை டம்ளர். கேரளத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில், புளித்து உருவாகும் ஆல்கஹால் இயல்பாகவே உண்டு. வைத்தியசாலையில் போய் அரிஷ்டம் கேட்கும் பெண்ணை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. நான் அறிந்த ஒரு அக்கா முதலில் அரிஷ்டம் குடித்தார். பிறகு அதே குப்பியில் ரம் ஊற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். காலையில் தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போது கை ஆடும், வட்டம் வராது, மாவு ஓரமெல்லாம் சிந்தும். குப்பியிலிருந்து ஒரு மடக்கு உள்ளே போனால் கை நின்றுவிடும். “தோசை வட்டமா வரணும்னுதான் குடிச்சேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்” என்றார். பெண் வரிசையில் நிற்க முடியாது என்பதால் சரக்கு வாங்கித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அதற்கு என்ன விலை கேட்பான் என்பது தனிக் கொடுமை.

உடம்பும் அவளுக்குச் சாதகமாக இல்லை. பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு, வயிற்றில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதியும் குறைவு. அதனால் ஒரே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஏறுவது அவளுக்கு அதிகம். ஈரல் கெடுவதும் குறைந்த காலத்திலேயே நடந்துவிடுகிறது.

இப்படி ஒருத்தி உதவி தேடும்போது முதலில் போவது டாக்டரிடம் அல்ல, தெய்வத்திடம். அதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவள் கணக்குப் போட்டுத்தான் போகிறாள். தங்கி ஜெபிக்கும் கிறிஸ்தவக் கூட்டத்தை இங்கே தியானம் என்பார்கள். “தியானத்துக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். “டிஅடிக்‌ஷன் சென்டருக்குப் போறேன்” என்று சொல்லி ஒரு மணி நேரம்கூடப் போக முடியாது. சாலக்குடிக்குப் பக்கத்தில் முரிங்ஙூரில், வின்சென்ஷியன் சபைக் குருக்கள் நடத்தும் டிவைன் தியான மையத்தில் தமிழிலேயே தியானம் நடக்கிறது. அந்த இடத்துக்கென்றே டிவைன் நகர் என்ற ரயில் நிலையம் இருக்கிறது. பாலக்காட்டில் ரயில் ஏறும் பெண் அங்கே தன் மொழியில் அழலாம். 2013-ல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாகி, பாலக்காட்டுப் பகுதியின் லத்தீன் கத்தோலிக்கர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆயர் இல்லம் வந்தது. கேரள அரசின் படிவமும் ஆலோசனையும் பெரும்பாலும் மலையாளத்தில். மலையாளம் நன்றாகப் பேசத் தெரிந்தவள்கூட, தான் செய்ததைச் சொல்ல வேண்டிய நேரத்தில் தமிழுக்குத்தான் வருகிறாள்.

எல்லையும் ஒரு மறைப்பாகப் பயன்படுகிறது. கொழிஞ்சாம்பாறைக்காரி பொள்ளாச்சியிலோ கோவையிலோ ஜெபவீடு தேடுகிறாள், பொள்ளாச்சிக்காரி கேரளத் தியான மையத்துக்கு வருகிறாள். செக்போஸ்டைத் தாண்டிவிட்டால் ஆள் தெரியாது.

ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல். இந்தப் பகுதியில் குடியை விட நம்பிக்கை வழியாக எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு 41 நாள் சொட்டுத் தொடாத ஆண்கள் தெருவுக்கு நாலு பேர். ஆலப்புழை மாவட்டத்துச் சக்குளத்துக்காவு பகவதி கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் குடியை விடுவதாகச் சத்தியம் செய்ய ஆட்களைக் கூட்டி வருகிறார்கள். ஊர்க் கோயிலில் பூசாரி கையால் கயிறு கட்டுகிறார்கள். தர்காவில் ஓதித் தண்ணீர் தருகிறார்கள். ஜெபவீட்டில் உபவாசம் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் பெண் இருக்கிறாள். மகனைக் கைப்பிடித்து அழைத்து வருபவள், புருஷன் பெயரில் சீட்டு எழுதிப் போடுபவள், முடி காணிக்கை நேர்ந்துகொள்பவள் அவள்தான். எல்லா வேண்டுதலும் அடுத்தவருக்காக. தனக்கென்று ஒரு நோய் இருக்கிறது, அதற்காக இன்று வந்திருக்கிறேன் என்று அவள் சொல்ல அந்த ஏற்பாட்டில் இடமே வைக்கப்படவில்லை.

பொது வாழ்விலும் இதே படம்தான். 1992-ல் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்துத் தொடங்கிய போராட்டம் மாநிலத்தையே உலுக்கியது. அட்டப்பாடியில் ஆதிவாசிப் பெண்களின் தாய்க்குல சங்கம் குடிக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் நின்றது. பெருமைப்பட வேண்டிய வரலாறு இது. ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்த ஊரில், பெண் என்றால் குடிக்கு எதிரே நிற்பவள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் நிற்க வேண்டியவளே குடித்தால் அவளைப் பெண் என்று எண்ணவே தயங்குகிறார்கள்.

குடியை விட ஒருவருக்கொருவர் துணையாகக் குடிநோயாளிகளே கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏஏ அமைப்பும் இதிலிருந்து தப்பவில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்தது அது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டு, மதத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று எழுதிவைத்தார்கள். அந்தத் திறப்பால்தான் முருக பக்தரும் ராவுத்தரும் பெந்தெகொஸ்தேக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார முடிகிறது. குடிப்பவரின் குடும்பத்துக்காக, வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று தொடங்கிய அல்-அனான் 1951-ல் வந்தது. நம் ஊர்ப் பக்கம் இரண்டு கூட்டமும் பல இடங்களில் ஒரே வளாகத்தில் நடக்கும். ஆண்கள் ஏஏ அறையில், பெண்கள் அல்-அனான் அறையில். நான் சொன்ன அரிஷ்டக் குப்பி அக்கா முதல்முறை ஒரு ஏஏ கூட்டத்துக்குப் போனபோது, வாசலில் நின்றவர் நல்ல மனதோடு, “அம்மா, உங்க கூட்டம் அந்த ரூம்ல” என்று கை காட்டினாராம். அக்கா அந்த அறைக்கே போய், புருஷன் குடிப்பதாகச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அடுத்த முறை வர எட்டு மாதம் ஆயிற்று.

உள்ளே போன பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் முதல் படி, குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. ‘நான் நினைத்தால் நிறுத்திவிடுவேன்’ என்று மார்தட்டும் ஆணுக்கு அந்தப் படி தேவை. அவனுடைய அகந்தை உடையாமல் அவன் பிழைப்பதில்லை. பிறந்ததிலிருந்து நீ ஒன்றுமில்லை என்று கேட்டே வளர்ந்தவளிடம் போய், இன்னும் கொஞ்சம் குனி என்று சொன்னால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் 1975-ல் விமன் ஃபார் சோப்ரைட்டி என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கியது இந்தக் கேள்வியிலிருந்துதான். தானே குடியிலிருந்து மீண்டவர் அவர். குற்ற உணர்வைத் தோண்டுவதை விட்டு, பெண்ணின் சுயமதிப்பை எழுப்பும் 13 கூற்றுகளை வைத்தார். அவர் சொன்னதில் பாதிதான் நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் பெண்களுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தெய்வம் வேண்டும், அதைப் பிடுங்கினால் கையில் வேறொன்றும் இருக்காது. ஆனால் அந்தத் தெய்வத்தின் பெயரால் என்ன சொல்லப்படுகிறது என்பது முக்கியம். தியானப் பந்தலில் பாவத்தைப் பற்றிய ஒரே பிரசங்கத்தை ஆணும் பெண்ணும் கேட்கிறார்கள். அவனைத் திருப்பும் அதே பிரசங்கம் அவளை இன்னும் பள்ளத்தில் தள்ளலாம். தன் மேல் ஏற்கெனவே ஆயிரம் முறை தீர்ப்பு எழுதிக்கொண்டவள் அவள்.

சாட்சி சொல்லும் வழக்கமும் அப்படித்தான். ஒரு ஆண் மேடையேறி, “நான் குடிகாரனா இருந்தேன், ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்தார்” என்றால் அல்லேலூயா கேட்கும். சில வருஷத்தில் அவரே ஊழியக்காரராகவும் ஆகலாம். அதையே ஒரு பெண் சொன்னால், அடுத்த வாரம் மகளுக்கு வந்த வரன் திரும்பிப் போய்விடும். பெண்ணை மேடையில் சாட்சி சொல்ல வைப்பதை நம் சபைகள் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது படி கேட்பது கடவுள், தான், இன்னும் ஒரே ஒரு மனிதர் முன்னால் மனம் திறப்பதைத்தான். அந்த ஒருவர் பெண்ணாக இருந்தால் போதும். ஒன்பதாவது படி, தீங்கு செய்தவர்களிடம் ஈடு செய்யச் சொல்லும்போது, அது அவர்களுக்கோ பிறருக்கோ கேடு தரும் என்றால் வேண்டாம் என்றும் சொல்கிறது. அடிக்கிற புருஷனிடம், “மன்னிச்சு வீட்டுக்குப் போம்மா” என்று அனுப்பிவைக்கும் போதகர்கள் அந்த விலக்கை அழுத்திப் படிக்க வேண்டும்.

சரி, இந்த வழி பலன் தருகிறதா? ஏஏ முறையைப் பற்றி உறுதியான பதில் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ம் ஆண்டு ஆய்வு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏஏ கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் சொட்டுத் தொடாமல் இருந்தார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் அது 35 சதவீதம். ஆனால் இந்தப் பலன் கூட்டத்துக்கும் கூட்டாளிகளுக்கும் கிடைத்த பலன். தலையில் கை வைத்து ஒரே ஜெபத்தில் விடுதலை என்று சொல்வதற்கு இந்த ஆய்வைச் சாட்சியாகக் காட்ட முடியாது. வாராவாரம் போய் உட்கார ஓரிடம், குடிக்கத் தோன்றும்போது போன் செய்ய ஒரு ஆள், குடிக்காதவர்களின் சிநேகம் என்று நாள் முழுக்கப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடுதான் அங்கே வேலை செய்கிறது. மேல்மருவத்தூர் பக்தையான ஒருவர் என்னிடம், செவ்வாடை கட்டிய காலத்தில்தான் குடிக்காமல் இருந்ததாகச் சொன்னார். விரதம் மட்டும் காரணமில்லை, வார வழிபாட்டு மன்றத்தில் கூட இருந்த சக்திகள் காரணம். பெண்களே பூஜை செய்யும் இடம், மாதவிலக்கு நாளிலும் வராதே என்று சொல்லாத இடம். இருமுடி செலுத்திவிட்டு வந்த பிறகு அந்தக் கூட்டு கலைந்தது, குடியும் திரும்பி வந்தது.

இனி ஆபத்தைச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆள் பேசுவது கேட்கும், யார் எவரென்று அடையாளம் தெரியாது. சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிரே போகலாம். இந்த மூன்று நான்கு நாள்தான் பல ஜெபவீடுகளில் உபவாச ஜெபம் நடக்கும் நாட்கள். வலிப்பு வந்து விழுந்தவளைப் பார்த்து, பிசாசு அலறிக்கொண்டு வெளியேறுகிறது என்று சுற்றி நின்று ஆர்ப்பரிக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கண்ணெதிரே பார்ப்பதைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது டயஸெபம், லோராஸெபம் போன்ற மருந்தும், பி1 வைட்டமினான தயமின் ஊசியும், கண்காணிக்க ஒரு நர்ஸும். குடியால் ஏற்கெனவே தயமின் வற்றிய உடம்பைப் பட்டினி போட்டால் மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தூக்க மாத்திரைக்குப் பழகிய பெண்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆல்ப்ராஸோலம் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். முதல் வாரம் ஆஸ்பத்திரியிலும், ஜெபமும் தியானமும் அதற்குப் பிறகும் என்று வைத்துக்கொண்டால் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனம் மருத்துவத்தையும் பன்னிரண்டு படிகளையும் ஒரே கூரையின் கீழ் நடத்திக் காட்டியது.

கேரள கலால் துறையின் விமுக்தி என்ற போதை மீட்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு அரசு சிகிச்சை மையம் அமைத்தார்கள். பாலக்காடு மாவட்டத்துக்கு அது அட்டப்பாடியில், கோட்டத்தறை ஆதிவாசி மருத்துவமனையில் வந்தது. அட்டப்பாடிக்கு அது அவசியம்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை, ஆனைக்கட்டி வழியாகவோ மண்ணார்க்காடு மலைப்பாதை வழியாகவோ சுற்றிப் போக வேண்டும். கைக்குழந்தையோடு நடுங்கும் கையுடன் அந்தப் பாதையில் பஸ் மாறிப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். திருச்சூர் மாவட்டத்தின் மையம் சாலக்குடி தாலுகா ஆஸ்பத்திரியில் வந்தது. நான் முன்பு சொன்ன தியான மையம் இருக்கும் முரிங்ஙூர் அதற்குப் பக்கத்தில்தான்.

தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லம் எந்த மதத்தின் பெயரில் நடந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்ததை இந்த நாடு பார்த்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. மாதவிலக்கு நாட்களுக்கு வேண்டியதைத் தர வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது 21-வது பிரிவு. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது அது. பிள்ளையை எங்கே விடுவது என்ற ஒரே காரணத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெண்கள் எத்தனையோ பேர். சேர்க்கும் முன் குடும்பத்தார் தயங்காமல் கேட்க வேண்டும். பதிவுச் சான்று எங்கே, டாக்டர் எப்போது வருவார், ராத்திரி காவலுக்குப் பெண் இருக்கிறாரா, பிள்ளையோடு தங்கலாமா, வீட்டுக்கு போன் பேச விடுவீர்களா என்றெல்லாம் கேளுங்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ‘விசேஷ ஜெபம்’ செய்யும் ஆள் இருக்கும் இடத்தில் ஒரு நாள்கூட விட்டுவைக்க வேண்டாம். கேரளத்தில் விமுக்தியின் 14405, நாடு முழுவதும் 14446 என்ற இலவச எண்களில் விவரம் கேட்கலாம்.

வீடு திரும்புவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆண் திரும்பி வந்தால் மனைவி மருந்து எடுத்துத் தருகிறாள், பழைய கூட்டாளிகளை வாசலிலேயே விரட்டுகிறாள். பெண் திரும்பி வந்தால், புருஷன் அதே திண்ணையில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறான். நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று வீட்டில் சரக்கு புழங்கும் ராத்திரிகள் வேறு. அந்த ராத்திரிகளில் அவளோடு வந்து படுத்துக்கொள்ள ஜெபக்குழுப் பெண்களில் ஒருத்தி தயாராக இருந்தால், பத்துப் பிரசங்கம் செய்யாததை அது செய்யும். புருஷனுக்கும் வேலை இருக்கிறது. அல்-அனான் மனைவிகளுக்கு மட்டும் உரியதல்ல, குடிநோயாளியின் கணவனும் அங்கே போய் உட்காரலாம். மறுபடி சறுக்கினால், விசுவாசம் எங்கே போச்சு என்று கேட்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். குடிநோயில் சறுக்கல் பலருக்கும் வருவது. சர்க்கரை ஏறிவிட்டால் யாரும் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்வதில்லை.

இந்தப் பக்கம் உடனடியாக வேண்டியது பெண்களுக்கு மட்டுமான, தமிழில் பேசும் ஒரு கூட்டம். சாயந்தரம் ஏழு மணிக்கு வைத்தால் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன், பகல் இரண்டிலிருந்து மூன்றரைக்குள் வைக்க வேண்டும். தையல் வகுப்பும் அயல்கூட்டமும் நடக்கும் கட்டடமாக இருந்தால் உள்ளே போகிறவளை யாரும் அடையாளம் காணமாட்டார்கள். பாரிஷ் ஹாலோ, கோயில் மண்டபமோ, மதரஸாவின் ஒரு அறையோ எதுவானாலும் சரி. ஏஏ மரபுப்படி கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி, இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. அரிஷ்டக் குப்பி அக்கா குடியை விட்டு இப்போது நன்றாக இருக்கிறார். இரண்டாவது ஆள் வந்தால் சாவியைத் தான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.